சாய்க்காம வை அக்கா

அவன் கையில் எதைக் கொடுத்தாலும் நிமிர்த்தித்தான் பிடிப்பான். தண்ணீர் பாட்டில், ஊறுகாய் ஜாடி, எண்ணெய்த் தூக்கு, எதுவானாலும் சரி. என் கடை பெஞ்சில் யாராவது பாட்டிலைப் படுக்கப் போட்டிருந்தால் அவனுக்குப் பொறுக்காது. எழுந்து போய் அதை நிறுத்தி வைத்து, மூடியை ஒரு திருகு திருகிவிட்டுத்தான் வந்து உட்காருவான். ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக வரும். "உன் ஊட்டு சொத்தாடா அது?" என்று கேட்டிருக்கிறேன். சிரிப்பான். பல் வெளியே தெரியாத சிரிப்பு. சிரிப்பைக்கூடச் சிந்தாமல் வைத்திருந்தான் பாவி.

திருப்பதி ரயில் நிலையத்துக்குப் பக்கத்து டாக்சி ஸ்டாண்டில் எனக்குக் கரும்புச் சாறு, மோர், எலுமிச்சை ஜூஸ் கடை. அவன் ஸ்டாண்டில் வண்டி ஓட்டினான். மற்ற டிரைவர்கள் தெலுங்கில் பேசுவார்கள், நானும் தெலுங்கில் திட்டுவேன். இவன் மட்டும் என்னிடம் வந்தால் எங்கள் பக்கத்துத் தமிழுக்கு மாறிவிடுவான். அவன் விஜயபுரத்துப் பக்கம், நான் நகரிக்காரி. பெயரைச் சொல்ல மாட்டேன். அவனுக்கு ஒரு பெண் குழந்தை இருக்கிறது, நாளைக்கு வளர்ந்து நாலு பேர் மத்தியில் நிற்க வேண்டியவள்.

வண்டி ஓட்டுவதில் அவனுக்கு நல்ல பெயர். ஒரு தடவை ஒரு தெலுங்குக் குடும்பம் சம்பந்தி வீட்டுக்கு ஆவக்காய் ஊறுகாய் ஜாடி கொண்டுபோனது, வாய் வரைக்கும் எண்ணெய் மிதக்கிற ஜாடி. இவன் அதைத் துண்டால் சுற்றி, இரண்டு பக்கமும் பழைய செருப்பை முட்டுக்கொடுத்து, காளஹஸ்தி போய்ச் சேர்த்தான். திரும்பி வந்த அந்த வீட்டு அம்மாள் என் கடையில் மோர் குடித்துக்கொண்டே, "ஒக்க சுக்க கூட காரலேது" என்று எல்லாரிடமும் சொன்னாள். ஒரு சொட்டுகூட ஒழுகவில்லையாம். அவன் காது சிவந்துபோனது. அதற்கப்புறம் நெய் டின், தீர்த்தச் சொம்பு என்று எது வந்தாலும் ஸ்டாண்டில் அவன் வண்டியைத்தான் காட்டிவிடுவார்கள்.

இந்த வித்தையை அவன் எங்கே கற்றான் என்பது எனக்கு ஒரு கோடையில்தான் தெரிந்தது. மே மாதம். எங்கள் ஊர் மே மாதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கரும்பு ஆட்டுகிற மெஷினைத் தொட்டால் கை பொசுங்கும். அவன் கடைக்கு வந்து நின்றான், பேண்ட் பாக்கெட் பக்கம் பெரிய ஈரத்திட்டு. நான் வாயை மூடிக்கொண்டு இருப்பேனா?

"இன்னாடா, வயசான காலத்துல ஒன்னுக்குப் போயிட்டியா?"

"ஐயோ, கத்தாதக்கா. பேனா ஒழுகிக்கிச்சி."

"எந்த ஊரு பேனாவுல மாம்பழ வாசன வருது?"

அவன் சுற்றிலும் பார்த்துவிட்டுப் பாக்கெட்டிலிருந்து எடுத்துக் காட்டினான். தடித்த பேனா மாதிரிதான் இருந்தது. மேல்பாதியில் சின்னக் கண்ணாடித் தொட்டி, அதில் எண்ணெய் மாதிரி ஏதோ தளும்பியது. உறிஞ்சினால் புகை மாதிரி ஆவி வரும் பேட்டரி சிகரெட். பெங்களூர்ப் பயணி ஒருவன் கொடுத்துப் பழக்கிவிட்டிருக்கிறான். நம் நாட்டில் விற்கக்கூடாதாம், அதனால் எல்லாமே கைமறைவாகத்தான். உள்ளே ஊற்றுகிற புகையிலைச் சத்துத் தண்ணீரை அவன் மருந்து என்பான். என்ன வியாதிக்கு என்று நான் கேட்டதற்குத் தொட்டியைத் துடைக்க ஆரம்பித்தான்.

ஆனால் அது ஏன் ஒழுகுகிறது என்று கேட்டுவிட்டேன், அவ்வளவுதான். அவன் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை.

"வெயில்ல தொட்டிக்குள்ள கீற காத்து ஊதிக்கும்க்கா. ஊதுனா மருந்த வெளிய தள்ளும். மருந்தும் சூட்டுல எளகித் தண்ணியாட்டம் ஆயிடும். படுக்க வெச்ச, போச்சு. கண்ணாடி ஏத்துன கார்ல உட்டுட்டுப் போன, போச்சு. பாக்கெட்ல வெச்சா ஒடம்புச் சூடு. அதாங்க்கா இன்னிக்கி ஆச்சு. ஒரு சவாரி அவசரம், பாக்கெட்ல போட்டுட்டேன்."

"உட்டுத் தொலையேன்டா."

அவன் என் ஐஸ் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்றிலிருந்து என் ஐஸ் பெட்டியின் ஓரத்தில் ஒரு எவர்சில்வர் டம்ளர் நின்றது. அதற்குள் உலர்ந்த துணி சுற்றி அந்தப் பேனா. ஐஸ் மேலேயே வைக்கக்கூடாது, எடுத்ததும் வேர்த்துவிடும், ஓரமாக வைக்க வேண்டும் என்று எனக்குப் பாடம். மூடியை மூடும்போதெல்லாம், "சாய்க்காம வை அக்கா" என்பான். ஸ்டாண்டுக்கு அந்தக் கோடியிலிருந்துகூடக் கத்துவான். மற்றவர்கள் ஏதோ சாமி படம் வைத்திருக்கிறோம் என்று நினைத்திருப்பார்கள். நான் ஏன் இடம் கொடுத்தேன் என்றால், கேட்டான், கொடுத்தேன். பெட்டியில் இடம் இருந்தது.

மலைமேல் சவாரி வந்தால்தான் அவன் பாடு பார்க்க முடியாது. மலையடிவாரத்து அலிபிரியில் பெட்டி படுக்கையெல்லாம் சோதித்துத்தான் மேலே விடுவார்கள், பீடி சிகரெட் எதற்கும் இடமில்லை. அதனால் பேனாவை என்னிடம் விட்டுவிட்டுப் போவான். திரும்பி வரும்போது பயணிகள் இறங்கிக் கதவைச் சாத்துவதற்குள் ஓடிவருவான். கரும்புக் கட்டுக்குப் பின்னால் போய்ச் சுவரைப் பார்த்து நின்று உறிஞ்சுவான். பிறகு தொட்டியைத் துடைப்பான், ரப்பர் வளையத்தைத் தடவிப் பார்ப்பான், நிறுத்தி வைப்பான். முகத்தில் நிம்மதி வந்த வேகத்தில் போய்விடும்.

ஒரு நாள் சொன்னான். "பீடியே பரவால்லக்கா. பீடிக்கு ஒரு முடிவு கீது. எரிஞ்சிக்கினே வந்து வெரல சுடும், கீழ போட்டுடுவோம். இதுக்கு முடிவே இல்ல. எப்பவும் கைல கீது, எப்பவும் கூப்புடுது."

"அப்ப பீடிக்கே போயிடு."

"சத்தியம் பண்ணிக் கீறேன்க்கா."

அப்போதுதான் அந்தக் கதை வெளியே வந்தது. அவன் மகளுக்கு இளைப்பு. நெஞ்சு விசில் அடிக்கும். ஒரு தடவை ரொம்ப மோசமாகி ஆஸ்பத்திரியில் வைத்துக் காப்பாற்றிக் கொண்டுவந்தார்கள். பீடி வாடை பட்டாலே குழந்தைக்கு மூச்சு ஏறுகிறது என்று டாக்டர் சொல்ல, அவன் மனைவி அவனைத் தன் ஊர் கங்கம்மா கோயிலுக்கு இழுத்துப் போனாள். எரிகிற கற்பூரத்தின் மேல் கையை அடித்து, இனி பீடி சிகரெட் தொட மாட்டேன் என்று ஊர் பார்க்கச் சத்தியம் செய்தான்.

"பீடி சிகரெட்டுன்னுதான் சொன்னேன்க்கா. இதுல நெருப்பு கீதா? சாம்பல் கீதா?"

"ஆத்தா இன்னா போலீஸ் ஸ்டேஷன் வெச்சிக்கினு கீறாளா, எந்தப் பிரிவுன்னு பாக்கறதுக்கு?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

வீட்டில் எங்கே ஒளித்து வைப்பாய் என்று கேட்டேன். குடைக்குள்ளாம். ஆணியில் தொங்குகிற மடக்கின குடைக்குள் இறக்கிவிட்டால் நேராக நிற்கும், காற்றாட இருக்கும், கோடையில் குடையை யார் தொடப்போகிறார்கள். அதிலும் ஒரு நாள் மாட்டிக்கொள்ளப் பார்த்தான். சாயங்காலம் திடீரென்று கோடை மழை பிடித்துக்கொண்டது. குழந்தை டியூஷனில் இருக்கிறாள். மனைவி குடைப் பக்கம் கையை நீட்டினாள். இவன் பாய்ந்து, "நான் போறேன், நான் போறேன்" என்று வெறும் தலையோடு தெருவில் ஓடி, குழந்தையைத் துண்டுக்குள் சுற்றித் தூக்கி வந்திருக்கிறான். மறுநாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே இதைச் சொன்னான். நான் சிரித்த சிரிப்பில் ஒரு டம்ளர் சாறு கொட்டிப்போனது. அவன் சிரிக்கவில்லை, துணியை எடுத்துக் கொட்டினதைத் துடைத்தான்.

அவன் மனைவியும் மகளும் எப்போதாவது கடைக்கு வருவார்கள். அவள் அதிகம் பேச மாட்டாள். குழந்தைதான் வாயாடி. அவளுக்கு ஒரு பழக்கம், எது கொடுத்தாலும் தன் கையால் தின்ன மாட்டாள். நைனா என்று அவள் கூப்பிடுகிற அப்பன் கையிலிருந்துதான் தின்பாள். அவன் வடையைப் பிய்த்தால் போதும், குருவிக் குஞ்சு மாதிரி வாயைத் திறந்துகொண்டு பக்கத்தில் வந்து நிற்பாள். பேனா பிடித்த கையென்று என்னிடம் சோப்பு வாங்கி முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் ஊட்டுவான். அந்த மருந்து தோலில் பட்டாலே தலை சுற்றுமாம், குழந்தை வாயில் பட்டால் உயிருக்கே ஆபத்தாம். அதைச் சொல்லிக்கொண்டே இன்னொரு தடவை கழுவுவான்.

அடுத்த வருடம் அதே மே மாதத்தில் மனைவி ஊர் கங்கம்மாவுக்கு ஜாத்திரைத் திருவிழா. அவள் மாவிளக்கு வேண்டிக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கத்தில் அரிசி மாவும் வெல்லமும் பிசைந்து, நடுவில் குழித்து நெய் ஊற்றி, திரி போட்டு ஏற்றி, தலையில் வைத்து அம்மனிடம் கொண்டுபோவார்கள். திரி அணைந்ததும் அந்த மாவைத்தான் பிரசாதமாகப் பிய்த்து எல்லாருக்கும் கொடுப்பது. அம்மனுக்கு என் பங்காக ஒரு எலுமிச்சம்பழ மாலை கட்டிக் கொடுத்தனுப்பினேன். "ஒனக்கு மாவு எடுத்தாறேன் அக்கா" என்று அவள் சொல்லிவிட்டுப் போனாள்.

போன இடத்தில் நடந்ததை அவன் பின்னால் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். பேனாவை அவன் டிரைவர் சீட்டுக்குக் கீழே ஒரு டம்ளரில் நிறுத்தி வைத்திருந்தான். திரும்பும்போது மனைவி முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். வழியில் குழந்தைக்குத் தாகம். தண்ணீர் பாட்டில் உருண்டு இவன் சீட்டுக்கு அடியில் போய்விட்டது. அவள் குனிந்து கைவிட்டுத் துழாவப் போனாள். இவன் அவசரத்தில் பேனாவை உருவி, பின்னால் இருந்த பையில் செருகினான். தன் துண்டுப் பை என்று நினைத்தான். அது மாவிளக்கு வைத்த ஒயர் கூடை. தட்டைச் சுற்றியிருந்த துணி மடிப்புக்குள் பேனா போய்ப் படுத்துக்கொண்டது. குழந்தைக்கு ஏசி ஆகாது. கண்ணாடியை இறக்கிவிட்டு, அனல் காற்றில், உச்சி வெயிலில், அவ்வளவு தூரம் வந்தார்கள்.

என் கடை முன்னால் வண்டி நின்றது. அவள் கூடையோடு இறங்கி வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். தட்டைத் தூக்கினபோது கூடைக்குள் ஏதோ விழுகிற சத்தம். நான் எட்டிப் பார்த்தேன். பேனா. அவள் கவனம் துணியில் இருந்தது. "நெய்யி எளகி ஊத்திக்கிச்சி போல கீது" என்று சொல்லிக்கொண்டே முடிச்சை அவிழ்த்தாள். மாம்பழ வாசனை குப்பென்று வந்தது. 

அவனும் அப்போதுதான் வந்து நின்றான். தட்டைப் பார்த்தான், கூடையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அவள் ஈரமாக இருந்த பக்கத்தில்தான் கையை வைத்தாள். நெய் ஊறின பக்கம் ருசியாக இருக்கும் அல்லவா, அதைத்தான் குழந்தைக்குப் பிய்ப்பார்கள். கீழே போட முடியாது, பிரசாதம். வேண்டாம் என்று சொல்ல முடியாது, ஏன் என்பாள். அவன் மாட்டிக்கொண்டு நின்ற நிற்பு இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

"எனக்குக் குடு. பசிக்குது" என்றான். தட்டை வாங்கி, அந்த ஈர மாவை அப்படியே வழித்து வாயில் போட்டான்.

"ஆத்தாளுக்குப் படச்சத இப்பிடியா அள்ளித் துன்னுவாங்க?" என்று அவள் சிரித்தாள்.

அவன் முகம் கோணியது. கண்ணில் தண்ணீர். விழுங்கினான். இன்னொரு கை அள்ளினான். எல்லாவற்றையும் தானே தின்று தீர்த்துவிடலாம் என்று நினைத்தான் போலிருக்கிறது. ஆனால் நைனா கையில் தின்பண்டம் இருக்கிறது. குழந்தை வந்து நின்றுவிட்டாள், வாயைத் திறந்துகொண்டு.

"நைனா, எனக்கு."

"அந்தப் புள்ளைய இழு" என்று நான் கத்தினேன். அதற்குள் அவன் கையிலிருந்ததை உதறி, தட்டையே தட்டிவிட்டான். மாவு எல்லாம் கரும்புச் சக்கை மேல் சிதறியது. ஈ மொய்த்தது. ஒரு சொட்டு சிந்தாதவன் அம்மனுக்கு ஏற்றின மாவைத் தரையில் கொட்டிவிட்டு நின்றான். குழந்தை வீறிட்டு அழுதாள். ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது.

"துன்னாதம்மா. அதுல என் மருந்து ஊத்திக்கிச்சி" என்றான். பிறகு மனைவியைப் பார்த்து, "நான் உடல. பீடிய உட்டேன், இத உடல" என்றான்.

அவள் குழந்தையின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், வாயைத் திறக்கச் சொல்லி முகர்ந்து பார்த்தாள். அதற்குள் அவனுக்கு வேர்த்து ஊற்றியது, குனிந்து வாந்தி எடுத்தான், கால் மடங்கியது. நான் கடையை அப்படியே போட்டுவிட்டு ஆட்டோவில் ஏற்றினேன்.

ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொள்வான் என்று சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. வெளியே நாற்காலியில் குழந்தை அவள் மடியில் தூங்கிப்போயிருந்தாள். நான் அவளுக்கு ஆறுதல் சொல்ல ஆரம்பித்தேன். அவள் தடுத்தாள்.

"அந்த மாம்பழ வாசன எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியாக்கா? இன்னிக்கி அவரு மேலதான் வருதுன்னு இருந்துட்டேன், மாவுல ஊத்திக்கும்னு தோணல. அன்னிக்கி மழையில கொடய எடுக்கப் போனவ ஏன் உட்டுட்டேன்னு நெனச்ச? அதுக்கு முன்னாலயே பாத்துட்டேன். நான் கேட்டா பொய் சொல்லுவாரு. அப்பறம் அந்தப் பொய்யயும் தூக்கிக்கினு திரிவாரு. அவரா வாயத் தொறந்து சொல்லணும்னுதான் மாவெளக்கு வேண்டிக்கினேன்."

எனக்கு அவள் மேல் கோபம்தான் வந்தது, பொய் சொல்வானேன். ஒரே வீட்டில் இரண்டு பேரும் ஒரு குடையைத் தொடாமல் அத்தனை மாதம் சுற்றிச் சுற்றி நடந்திருக்கிறார்கள். நடுவில் ஒரு இளைப்புக்காரக் குழந்தை. திட்ட வாய் வந்தது. அவள் குழந்தையின் நெஞ்சில் காதை வைத்து விசில் கேட்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போய் டீ வாங்கி வந்தேன்.

சில நாள் கழித்து அவன் கடைக்கு வந்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மோர் கொடுத்தேன், குடித்தான், டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். சரி, பேய் இறங்கிவிட்டது என்று நினைத்தேன். அவன் மூடியிருந்த இடது கையைத் திறந்தான். பேனா. துடைத்துப் பளபளவென்று இருந்தது, புது ரப்பர் வளையம் போட்டிருந்தான்.

"ஐஸ் பெட்டியில எடம் கீதாக்கா?"

"நாக்கப் புடுங்கிக்கினு சாவுடா. அந்தப் புள்ள வாயில போயிருந்தா?"

"தெரியும்க்கா."

"உன் பொண்டாட்டி இன்னா சொன்னா?"

"சண்ட போடல. அழுவல. ஊட்ல வெக்காத, கார்ல வெக்காத, கொழந்த கீற எடத்துல வெக்காதன்னா. வேற எங்கக்கா வெப்பேன்?"

"சாக்கடையில போடு."

"போட்டேன்க்கா. போட்டுட்டு ஊட்டுக்குப் போயிட்டேன். அப்பறம் நானே வந்து எறங்கி எடுத்தேன்." அவன் அழுதான். "பயமா கீதுக்கா."

தன் மனசுக்குள் இருப்பதை அவன் என்னிடம் சொன்னது அது ஒன்றுதான்.  ஆனால் அந்தக் குழந்தை வாயைத் திறந்துகொண்டு நின்றதும் கண்ணுக்குள் நின்றது. பேனா நின்ற அந்த டம்ளரை நான் அன்றைக்கே குப்பையில் போட்டிருந்தேன்.

"எடம் இல்லடா" என்றேன்.

தலையை ஆட்டினான். கோபப்படவில்லை. பேனாவைப் பாக்கெட்டில் போடுவான் என்று பார்த்தேன். போடவில்லை, உடம்புச் சூடு ஆகாதே. நெஞ்சுக்கு நேராக அதை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, தன் வண்டியைத் தாண்டி, பஸ்களுக்கு நடுவில் நடந்து போனான். உச்சி வெயில். இன்னொரு கையைக் குவித்து அதற்கு நிழல் பிடித்திருந்தான். அவன் தலையில் ஒரு துண்டுகூட இல்லை.